விடியற்காலையில் அலறிய கார்

போன மழையில் எங்கள் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. வந்தது என்று சொல்வது மரியாதைக்கு. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். புத்தம் புதுசு. சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அந்தப் புண்ணியத்தில் சீட் மட்டும் நனையாமல் தப்பித்திருந்தது, மற்றதெல்லாம் போயிருந்தது. என் வீட்டுக்காரர் சேவியர் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து அந்த வாசனை வந்தது.

தண்ணீர் புகுந்த காரின் வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்காது, தெரியாமலே இருக்கட்டும். நனைந்த நாயும் பழைய சாக்கும் ஒரே அறையில் ஒரு வாரம் குடியிருந்தால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் எல்லாத் தண்ணீரும் ஒரே வாசனை அடிக்காது. ஆற்றுத் தண்ணீர் புகுந்த வண்டியில் வண்டல் மணக்கும், அது கொஞ்சம் நல்ல வாசனைதான். கோடியக்கரைப் பக்கமிருந்து வரும் வண்டியில் வாசனையே இருக்காது, ஆனால் ஒயருக்குள் செம்பெல்லாம் பச்சையாகியிருக்கும். உப்புத்தண்ணீர் குடித்த வண்டி வந்தால் சேவியர் முதலில் வண்டிக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பார். அப்புறம்தான் துக்கம் சொல்லுவார். வயல் தண்ணீர் என்றால் யூரியாவும் பூச்சி மருந்தும் அழுகின வைக்கோலும் சேர்ந்து அடிக்கும். நன்னிலம் பக்கத்து வயல் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, கல்யாணம் வரைக்கும் அந்தத் தண்ணீரில்தான் கால் கழுவினேன்.

எங்கள் பட்டறையில் இன்ஜின் வேலை சேவியருடையது, ஒயர் வேலை என்னுடையது. நான் தஞ்சாவூரில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள். பயிற்சிக்கு என்று போன பட்டறையில் அவர் ஒரு டீசல் இன்ஜினுக்கு அடியில் படுத்திருந்தார். முதலில் கால்களைத்தான் பார்த்தேன். முகம் வெளியே வருவதற்குள் பதினெட்டாம் நம்பர் ஸ்பேனர் எடுத்துக் கொடு என்று குரல் வந்தது. கொடுத்தேன். அவ்வளவுதான் எங்கள் காதல் கதை. அவர்கள் பரம்பரையாகக் கத்தோலிக்கர்கள், நாங்கள் நன்னிலம் பக்கத்து விவசாயக் குடும்பம். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம், ஊகிக்கிறபடிதான் நடந்தது.

அப்பா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமும் ஆகியிருக்கலாம். மேட்டூரில் தண்ணீரை நிறுத்துகிற மாதிரி பேச்சை நிறுத்திக்கொண்டார். எப்போது திறப்பார் என்று எந்த அதிகாரியிடமும் மனுக் கொடுக்க முடியாது.

நாங்கள் பாபநாசத்தில், தஞ்சாவூர் கும்பகோணம் ரோட்டின் ஓரத்தில், தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை ஆரம்பித்தோம். வருகிறவர்கள் என்னைப் பார்த்து, “எலக்ட்ரீஷியன் எங்கம்மா?” என்பார்கள்.

“நான்தாங்க.”

“சரி, அவர் வரட்டும். உக்காந்திருக்கேன்.”

உட்கார்ந்திருப்பார்கள். நான் வேலையை முடித்துவிட்டு வண்டியைக் கொடுப்பேன். எடுத்துக்கொண்டு போகும்போது, “அவர் வந்தா சொல்லுங்க” என்பார்கள். யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு ஐப்பசியில் அப்பா இருந்த எங்கள் ஊருக்கு மேற்கே ஆற்றுக்கரை உடைத்துக்கொண்டது. தண்ணீர் வயலைத் தாண்டி, களத்தைத் தாண்டி, அப்பாவின் கார் நின்ற கொட்டகைக்குள் வந்து சீட் உயரத்துக்கு நின்றது. அப்பாவிடம் ஒரு வெள்ளை டீசல் கார் இருந்தது. பெயரைச் சொன்னால் கம்பெனிக்காரர்களுக்கு வருத்தமாக இருக்கும், வேண்டாம். தண்ணீர் வடிந்ததும் அப்பா காரைக் கழுவி, கதவெல்லாம் திறந்து வெயிலில் காயப்போட்டார். நெல் காய்கிற மாதிரி கார் காயாது என்று அவரிடம் சொல்ல ஆளில்லை. சொல்லத் தெரிந்த ஒருத்தியோடு அவர் பேசுவதில்லை.

காருக்குள் ஈரத்தை இழுக்கட்டும் என்று ஒரு மூட்டை உமியை வைத்தார். உமி ஈரத்தை இழுத்ததா தெரியாது, எலியை இழுத்தது.

இதற்கு நடுவில் ஊரில் ஒரு சாவு. செத்துப்போனவர் எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல்காரர். அவருக்கும் அப்பாவுக்கும் ஒரு வரப்பு விஷயமாக எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. இருந்தாலும் சாவு சாவுதானே. அப்பா மாலையை வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த தெருதான், ஆனாலும் மாலையோடு நடந்து போக அவருக்கு என்னவோ போல் இருந்திருக்கிறது. தெரு முனையில் தண்ணீர் நின்ற ஒரு பள்ளம். காரின் அடியில் தண்ணீர் தெறித்தது. சாவு வீட்டு வாசலில், பந்தலுக்கு நேர் எதிரில் கார் நின்றதும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

அடித்தது, நிற்கவில்லை. அப்பா ஸ்டீரிங்கைத் தட்டினார், சாவியைப் பிடுங்கினார், கீழே இறங்கிக் காரை அதட்டினார். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே ஒப்பாரி நின்றுபோனது. செத்தவரின் மகன் கணேசன் வாசலுக்கு வந்து பார்த்தான். மாலையும் கையுமாக அப்பா. அவர் பின்னால் விடாமல் அலறுகிற கார்.

கணேசன் ஒன்றே ஒன்றுதான் கேட்டானாம். “உங்களுக்கு இப்பவும் அடங்கலயா?”

இதெல்லாம் அம்மா போனில் சொன்னது. அப்பா வயலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அம்மா பட்டறைக்குப் போன் பண்ணுவாள். அப்பாவுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

அதற்குப் பிறகு தினமும் விடியற்காலையில் பேட்டரியில் ஒயரை மாட்டினால் ஹாரன் அடிக்கும். வெயில் ஏறினால் தானாக நின்றுவிடும். அப்புறம் நாள் முழுக்க சாதுவாக இருக்கும். ராத்திரியில் அப்பா பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிடுவார். காலையில் மாட்டிப் பார்ப்பார். தெரு முழுக்க எழுந்துகொள்ளும். பால் கறக்கிறவர்களுக்கு வசதியாகத்தான் இருந்ததாம், ஆனால் அதை அப்பாவிடம் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

திருவாரூரில் காட்டினார், ஹாரனை மாற்றினார்கள். புது ஹாரன் இன்னும் சத்தமாக அடித்தது. கும்பகோணத்தில் காட்டினார், பேட்டரியை மாற்றினார்கள். நன்னிலத்தில் ஒருவர் எலுமிச்சம்பழத்தை மாற்றினார். எல்லாரும் சொன்ன ஒரு யோசனை, “ஹாரன் ஒயரையே கழட்டி விட்டுடுங்க, சத்தமே வராது.” அப்பா கேட்கவில்லை. கழற்றிவிட்டால் வேண்டுமென்றே அடித்ததாகத்தான் ஊர் நம்பும். கார் தானாகத்தான் அடித்தது என்று தெரிய வேண்டும், அதுவும் கணேசனுக்குத் தெரிய வேண்டும். ஊரில் இரண்டு நல்லது கெட்டதுக்கு அவரைக் கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள். அம்மா அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. “வெளியிலயே போறதில்ல. வயல்ல மோட்டார் கொட்டகையில போய் உக்காந்துக்கறாரு.”

ஒருநாள் மத்தியானம் அந்த வெள்ளைக் கார் எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றது.

அப்பா இறங்கினார். இளைத்திருந்தார். சேவியரைப் பார்த்து, “வணக்கம் தம்பி. வண்டி ஒண்ணு பாக்கணும்” என்றார். சேவியர் கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க, உக்காருங்க. ஒயர் வேலை நான் பாக்கறதில்லைங்க” என்று என்னைக் காட்டினார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். “நீங்கதான் பாக்கறீங்களா?”

பிறந்ததிலிருந்து அப்பா என்னை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“ஆமாங்க” என்றேன். “தப்பு எங்கன்னு பாக்கணுங்க.”

“தப்பு என் மேல இல்ல. வண்டியிலதான்.”

“சரிங்க.”

எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்று கேட்டேன். எதுவும் தெரியாத மாதிரி கேட்டேன். சாவு வீட்டை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். நான் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினேன், ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் திருப்பினேன், டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒயர்களை ஆட்டினேன். கார் வாயே திறக்கவில்லை. மத்தியான வெயிலில் நன்னிலத்திலிருந்து ஓடி வந்த வண்டி, நன்றாகக் காய்ந்திருந்தது.

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கேயோ ஓர் இணைப்பில் வண்டல் புகுந்திருக்கிறது. பனியில் நனைந்தால் அதன் வழியாக மின்சாரம் போகிறது, காய்ந்தால் நின்றுவிடுகிறது. சேவியருக்கும் புரிந்துவிட்டது. என் பக்கத்தில் வந்து மெதுவாக, “ஒரு பக்கெட் தண்ணி தெளிச்சா இங்கயே கத்தும்ல?” என்றார்.

நான் அவர் காலை மிதித்தேன். அவர் நல்ல மனிதர், வேறு கேள்வி கேட்கவில்லை.

“இங்க வச்சுக் கண்டுபிடிக்க முடியாதுங்க” என்று அப்பாவிடம் சொன்னேன். “ராத்திரி வண்டி நிக்கிற எடத்துலயே, விடியக்காலம் வந்து பாக்கணும்.”

அப்பா காரையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேற வழி இல்லியா?”

“இல்லீங்க.”

“நெசமாவா?”

“நெசமாங்க.”

கொஞ்ச நேரம் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தார். “அப்ப வாங்க” என்றார்.

அந்த வாங்கவில் ங்க இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு வாவும் இருந்தது.

மறுநாள் இருட்டு பிரியுமுன் நாங்கள் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். குடவாசல் தாண்டியதும் பனி முகத்தில் அடித்தது. மடியில் ஒயர் கட்டர், சால்டரிங் சாமான், டெஸ்ட் லேம்ப் எல்லாம் வைத்த பை. பனி அதிகமாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டு வந்தேன். சேவியர் ரோடு தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஓட்டினார். ஒரே வண்டியில் இரண்டு எதிரெதிர் வேண்டுதல்கள், போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். சேவியரைப் பார்த்து “வாங்க தம்பி” என்றாள். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அது இல்லாமல் நான் வேலை செய்ய முடியாது. திருப்பிக் கேட்டால் தருவதாக இல்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு என் கூடவே கொட்டகைக்கு வந்தாள்.

கொட்டகையில் நாற்காலி போட்டுக் கணேசன் உட்கார்ந்திருந்தான். அப்பா போய்க் கூட்டி வந்திருக்கிறார். “சாட்சிக்கு” என்றார் சுருக்கமாக. கணேசன் மொட்டைத்தலையில் முடி இன்னும் சரியாக வளராமல், துண்டைப் போர்த்திக்கொண்டு, கட்டாயத்துக்கு வந்தவன் முகத்தோடு இருந்தான். வெளியே தெருக்காரர்கள் நாலைந்து பேர், பல்குச்சியோடு.

“யாரு ஒயர் வேல பாக்குறது?” என்று ஒருவர் கேட்டார். சின்னப் பிள்ளையிலிருந்து என்னைத் தெரிந்தவர்தான், அப்பா என்னை என்னவென்று சொல்வார் என்று பார்க்கத்தான் கேட்டார்.

“மெக்கானிக்” என்றார் அப்பா.

நான் பேட்டரி ஒயரை மாட்டினேன். கார் அலறியது.

பட்டறையில் கேட்கிற ஹாரன் வேறு, நாலு பக்கம் அடைத்த கொட்டகையில் கேட்கிற ஹாரன் வேறு. மேலே ஓட்டில் இருந்த புறாக்கள் எல்லாம் ஊரைவிட்டே போயின. கணேசன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். அப்பா அவனைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார், நான் எதையும் தொடவில்லை பார் என்று.

முதலில் ஹாரனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது. அப்படியானால் ஹாரன் மேல் குற்றமில்லை, அதை அடிக்கச் சொல்லும் ஒயரில்தான் எங்கேயோ. ஸ்டீரிங்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிட்டு ரிலேயைத் திரும்ப மாட்டினேன். மறுபடி அலறியது. அப்படியானால் ஸ்டீரிங்கும் இல்லை, நடுவில். டிரைவர் காலடியில் கம்பளத்தை உரித்துத் தூக்கினேன். உள்ளே பஞ்சு பிழிந்தால் சொட்டுகிற ஈரம், உமி, ஓர் எலிக்கூடு. ஒயர்கட்டு அதற்கு அடியில் ஓடியது. அதைத் தடவிக்கொண்டே போனேன். வலது பக்கம், கதவோரத்தில், ஒயரோடு ஒயரைச் சேர்க்கும் பிளாஸ்டிக் பிளக் ஒன்று, நாங்கள் கப்ளர் என்போம், அது கைக்குப் பட்டது. அதை இரண்டாகப் பிரித்தேன்.

சத்தம் நின்றது.

திரும்பச் சேர்த்தேன். அலறியது. பிரித்தேன். நின்றது. இதை நான் ஒரு தடவை செய்திருந்தால் போதும். கணேசனுக்காக இன்னும் இரண்டு தடவை செய்தேன்.

கப்ளருக்குள் சாம்பல் நிற வண்டல் அப்பிக்கிடந்தது. சுரண்டியபோது உள்ளே ஹாரன் ஒயரின் முனைக்கும் பக்கத்து எர்த் ஒயரின் முனைக்கும் நடுவில் பச்சையாக ஒரு பாலம் மாதிரி பூத்திருந்தது. கணேசனிடம் டார்ச் அடித்துக் காட்டினேன். குனிந்து பார்த்தான். கையில் வாங்கி, முகர்ந்தும் பார்த்தான். எங்கள் பக்கத்தில் மண் என்றால் யாரும் முகராமல் விடுவதில்லை.

“இதுவா?” என்றான்.

“இதுதான். ஈரம் பட்டா ரெண்டையும் சேத்துவிட்டுடும். யாரும் அமுக்க வேணாம், தானா அடிக்கும்.”

அப்பா கணேசனின் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னார், தெருவுக்கும் கேட்கிற மாதிரி. “எம் பொண்ணு காட்டுது. நல்லாப் பாத்துக்க.”

நான் டார்ச்சை அணைத்துவிட்டு, அணைத்தது தெரியாமல் அதே இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கணேசன் கப்ளரை என் கையில் கொடுத்தான். “நான் அன்னைக்கு அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது மாமா” என்றான்.

“நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்” என்றார் அப்பா.

“அப்ப அந்த வரப்பு...”

“வரப்பு வேற.”

கணேசன் தலையை ஆட்டினான். அவனுக்கும் அது வேறுதான்.

நான் பழைய கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு ஒயர்களைச் சால்டரிங் வைத்துச் சேர்த்து டேப் சுற்றினேன். அது சின்ன வேலை, டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. கிளம்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் பையை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“இது ஒண்ணுலதான் வண்டல் இருக்குமா? பின்னாடியெல்லாம்?”

“எல்லாத்துலயும் இருக்கும்.”

“அப்ப எல்லாத்தையும் பாத்துடு” என்றார். ங்க விட்டுப்போனதை அவர் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. கவனித்தவர் சேவியர். சட்டென்று குனிந்து இல்லாத எதையோ தரையில் தேடினார்.

சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன். சீட்டெல்லாம் கழற்றிக் களத்தில் போட்டோம். ஒவ்வொரு கப்ளராகப் பிரித்து, கழுவி, ஊதிக் காயவைத்து மாட்டினேன். நடுவில் அம்மா இலை போட்டாள். சேவியருக்கு மட்டும் நாலு தடவை சாம்பார் ஊற்றினாள். அவருக்கு வேண்டாம் என்று சொல்லப் பயம். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதால்தான் கோளாறு கிடைத்தது என்று என் மாமியார் சொல்வார். ஊர்ப் பிள்ளையார்தான் என்பது அம்மாவின் கட்சி. இந்த விஷயத்தில் இரண்டு குடும்பத்துக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அதற்குப் பிறகு அப்பா பாபநாசத்துக்கு வருவார். வண்டியில் ஒன்றும் இருக்காது. “சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்” என்பார். நன்னிலத்திலிருந்து எதற்குக் கிளம்பினாலும் பாபநாசம் ‘இந்தப் பக்கம்’ ஆகாது. பிறகு பிறந்த என் பெண்ணைப் பின் சீட்டில் நிற்கவைத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வருவார்.

ரொம்ப வருஷம் கழித்து, கண் ஆபரேஷனுக்காக அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். அதே கார்தான், நான் ஓட்டினேன். திரும்பி வரும்போது அய்யம்பேட்டை தாண்டியிருப்போம். கண்ணில் பச்சைத்துணி கட்டியிருந்த மனிதர் திடீரென்று சொன்னார். “ஏம்மா, அன்னைக்கு ஒரு பக்கெட் தண்ணி ஊத்தியிருந்தா உன் பட்டறையிலயே கத்தியிருக்கும்ல?”

எனக்கு கியர் தப்பியது. “எப்பப்பா தெரியும்?”

“மோட்டார் கொட்டகையில நான் பாக்காத ஈரமா.”

“தெரிஞ்சுதான் நெசமாவான்னு கேட்டீங்களா?”

“நீ நெசமாங்கன்னு சொன்னியே” என்றார். அப்புறம் ஜன்னலை ஏற்றச் சொன்னார், காற்று அடிக்கிறதாம்.

அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. அம்மா எங்களோடு இருக்கிறாள். கார் கடைசியில் கும்பகோணத்தில் ஒரு பழைய இரும்புக்காரரிடம் போனது. இப்போது வருகிற வண்டிகளில் எல்லா இணைப்புக்கும் ரப்பர் வைத்து இறுக்கிவிடுகிறார்கள். தப்பித் தவறித் தண்ணீர் புகுந்தால் பிரித்துப் பார்க்கிற வழக்கமில்லை. லேப்டாப்பை மாட்டுகிறேன், அது இருபது முப்பது கோளாறை எழுதிக் காட்டுகிறது. இன்ஷூரன்ஸ்காரர் வந்து நாலு போட்டோ எடுக்கிறார். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. போன மழையில் வந்த அந்தப் புதுக் காரும் அப்படித்தான் போனது. வண்டி எங்கே நிற்கும், காலையில் எப்படி இருக்கும், யாரெல்லாம் ஏறுவார்கள் என்று நான் கேட்டால் வண்டிக்காரர்கள் விநோதமாகப் பார்க்கிறார்கள்.

போன தை மாசம் ஊர் வீட்டைக் கிரயம் பண்ணிக் கொடுக்கப் போயிருந்தோம். வாங்கினவர் வெளிநாட்டில் இருக்கிறார், அவர் மச்சான் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டார். கொட்டகையை ஏற்கெனவே இடித்திருந்தார்கள். வரப்பு, எங்கள் வயலை வாங்கினவரிடமே கணேசனும் நிலத்தை விற்றுவிட்டதால், ஒரே ஆளிடம் போய் இல்லாமலே ஆகிவிட்டது. கிளம்பும்போது சேவியர் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் எங்கள் காரின் பானட்டைத் திறந்தேன். வண்டியில் ஒன்றும் கோளாறு இல்லை. முன்பெல்லாம் அந்தத் தெருவில் யாராவது பானட்டைத் தூக்கினால் போதும், பல்குச்சியோடு நாலு பேர் வந்து நின்று, என்னம்மா ஆச்சு, பேட்டரியா, பெல்ட்டா என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

கொஞ்ச நேரம் நின்றேன். எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது. ஏதோ ஒரு வீட்டின் கேமரா மட்டும் என்னைப் பார்த்துச் சிவப்பாக மினுக்கியது.

“என்ன பாக்குற?” என்றார் சேவியர் உள்ளேயிருந்து.

ஒன்றுமில்லை என்று பானட்டை இறக்கிவிட்டு ஏறிக்கொண்டேன்.